கூபேயா, ஹேட்ச்பேக்கா? பின்சீட்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

கார் பார்க்கப் போகிற எல்லோரும் முன்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். விளக்கின் வடிவம், பானெட்டின் நீளம், அப்புறம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பது. ஆனால் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபேயும் அன்றாடத்துக்கான ஹேட்ச்பேக்கும் பிரிகிற இடம் அதுவல்ல. முன்சீட் இரண்டிலும் நன்றாகவே இருக்கும். வித்தியாசம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது: பின்சீட், பின்கதவு, டிக்கி, பின்கண்ணாடி.

நான் ஒரு இரண்டு கதவு கூபேயை நான்கு வருடம் வைத்திருந்தேன். இப்போது ஐந்து கதவு ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். கூபே வாங்கியதற்கு இன்றுவரை வருத்தமில்லை. வாங்குவதற்கு முன் அதன் பின்சீட்டில் ஒருமுறைகூட ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லையே என்றுதான் வருத்தம். அந்தத் தவறை நீங்களும் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை, முதல்முறை கார் வாங்குகிறவரை மனதில் வைத்து.

பெயரில் மயங்க வேண்டாம்

கூபே என்பது பிரெஞ்சுச் சொல்; வெட்டப்பட்டது என்று பொருள். பழைய குதிரை வண்டிகளில் எதிரெதிராக இருந்த இரண்டு வரிசை இருக்கையில் ஒன்றை வெட்டிவிட்டு, குட்டையாகக் கட்டிய வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. மோட்டார் காருக்கு வந்த பிறகும் பொருள் பெரிதாக மாறவில்லை. பின்னால் உட்காருகிறவரின் இடத்தை வெட்டி, கூரையைச் சரித்து இறக்கினால் அது கூபே. அமெரிக்காவின் எஸ்ஏஇ பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுமுறையிலும், உள்ளே பின்பகுதியின் கொள்ளளவு 33 கன அடிக்குக் கீழே இருந்தால்தான் அது கூபே. ஆக, எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஹேட்ச்பேக் என்றால் டிக்கி மூடியோடு பின்கண்ணாடியும் சேர்ந்து ஒரே கதவாக மேலே தூக்க வேண்டும். அந்தக் கதவையும் எண்ணிக்கையில் சேர்ப்பதால்தான் 3 கதவு, 5 கதவு என்று ஒற்றைப்படையில் சொல்கிறார்கள். 1961இல் வந்த ரெனோ 4 இந்த அமைப்பை எளிய மக்களின் காருக்குக் கொண்டுவந்தது. 1974இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அதை உலகமெங்கும் சாதாரணமாக்கியது.

விற்பனையாளர்கள் இந்த எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. 2004இல் மெர்சிடிஸ்-பென்ஸ் சிஎல்எஸ் வந்த பிறகு நான்கு கதவு கார்களும் கூபே என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மறுபுறம், 2019இல் வந்த டொயோட்டா சுப்ராவைப் பாருங்கள். இரண்டே சீட்தான், ஆனால் பின்னால் கண்ணாடியோடு தூக்கும் ஹேட்ச் கதவு. ஹூண்டாய் வெலாஸ்டர் இன்னும் வேடிக்கை: ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு. எனவே விளம்பரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். இந்தக் காரின் பின்கண்ணாடி டிக்கியோடு சேர்ந்து தூக்குகிறதா? பின்சீட்டுக்குத் தனிக் கதவு உண்டா? இந்த இரண்டு பதிலும் தெரிந்தால் எந்தக் காரையும் சரியான பக்கத்தில் வைத்துவிடலாம்.

முதல் படி: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஷோரூமுக்குப் போகுமுன் செய்ய வேண்டியது இது. இப்போது காரில் போகிறீர்களோ பேருந்தில் போகிறீர்களோ, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பயணத்தையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு தூரம், கையில் என்ன சுமை, போன இடத்தில் வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் அல்லது நிறுத்தியிருப்பீர்கள். அவ்வளவுதான்.

கற்பனையில் எழுதக் கூடாது. "மலைப்பாதையில் காலை ஆறு மணிக்குத் தனியாக" என்ற பயணம் வருடத்தில் எத்தனை முறை நடக்கிறது? "ஐந்து பேர், நான்கு பெட்டி, நீண்ட பயணம்" என்பது எத்தனை முறை? முதல் கற்பனை கூபே வாங்க வைக்கும். இரண்டாவது, தேவைக்கு மேல் பெரிய காரை வாங்க வைக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றுகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை வரும் பெரிய பயணத்துக்கு ஒரு வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இரண்டு வாரம் முடிந்ததும், மூன்றாவது ஆள் ஏறிய பயணங்களை மட்டும் எண்ணுங்கள். வாரத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் போகாவிட்டால் கூபே இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. தினமும் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், நான்காம் படிக்குத் தாவி வேகமான ஹேட்ச்பேக்குகளைப் பற்றிப் படியுங்கள்.

இரண்டாம் படி: பின்சீட்டில் ஏறி உட்காருங்கள்

ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, அதை அப்படியே விட்டு, அதன் பின்னால் போய் உட்காருங்கள். நீங்கள் மட்டும் போதாது. அங்கே அதிகம் உட்காரப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். தலை கூரையில் இடிக்கிறதா? கால்முட்டி முன்சீட்டில் அழுந்துகிறதா? கூபேக்களில் பின்கண்ணாடி பயணியின் தலைக்கு மேலேயே தொடங்கிவிடுவது உண்டு. அப்படியிருந்தால் உச்சி வெயிலில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, வெளியே வாருங்கள். யாருடைய உதவியும் இல்லாமல். முன்சீட்டை மடித்து, உடம்பைக் குறுக்கி, ஒரு காலை முதலில் நீட்டி... இதை ஐந்து முறை தொடர்ந்து செய்து பாருங்கள். ஐந்தாவது முறை சிரிப்பு வந்தால் பரவாயில்லை, சலிப்பு வந்தால் யோசியுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குக் கூபேயின் பின்சீட் மட்டுமல்ல, தாழ்ந்திருக்கும் முன்சீட்டும் சிரமம்தான். ஹேட்ச்பேக்கில் ஏறக்குறைய நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். கூபேக்குள் தரையில் உட்காருவது போல இறங்க வேண்டும். இறங்குவது எளிது, எழுவதுதான் கடினம்.

குழந்தை இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்றால் இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 129, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை பின்னோக்கிப் பார்த்த நிலையில் உட்கார வேண்டும் என்கிறது. பின்னோக்கிய இருக்கை நீளத்தில் நிறைய இடம் எடுக்கும். கூபேயின் பின்சீட்டில் அதை மாட்டினால் முன்சீட்டை டேஷ்போர்டு வரை தள்ள வேண்டியிருக்கலாம். அப்போது நான்கு சீட் கார் நடைமுறையில் ஓர் ஓட்டுநரும் ஒரு குழந்தையும் மட்டும் போகிற காராகிவிடும். சரி, முன்சீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முன் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய இருக்கையை அங்கே வைப்பது உயிருக்கே ஆபத்து. ஏர்பேக்கை அணைக்க வசதியில்லாத காரில் அந்த யோசனையே வேண்டாம். குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன என்று விற்பனையாளர் சொல்வதோடு நிறுத்தாமல், உங்கள் இருக்கையை எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். தூங்கும் குழந்தையை அந்த இரண்டு கதவு வழியாக எப்படி எடுப்பது என்பதையும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கதவு கார்களின் கதவுகள் நீளம். பின்சீட்டுக்கும் அதுவே வழி என்பதால் அப்படித்தான் இருக்க முடியும். நீளமான கதவைத் திறக்கப் பக்கத்தில் அதிக இடம் வேண்டும். ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது பக்கத்துக் கார் அவ்வளவு நெருக்கி நின்றது. ஓட்டுநர் கதவு ஒரு சாண்தான் திறந்தது. எதிர்ப்பக்கம் போய் ஏறி, கியர் லிவரைத் தாண்டிக் காலை வைத்து, ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்ததை நிறைய பேர் நின்று பார்த்தார்கள். நீங்கள் தினமும் வண்டி நிறுத்தப் போகும் இடத்தின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள்.

மூன்றாம் படி: லிட்டர் கணக்கை நம்பாமல் டேப் எடுங்கள்

டிக்கி எவ்வளவு பெரியது என்று கேட்டால் லிட்டரில் ஒரு எண் சொல்வார்கள். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் விடிஏ முறையில், 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள, அதாவது சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். எல்லா மூலையிலும் சின்னக் கட்டைகள் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் பெட்டி போகுமா என்பதை அந்த எண் சொல்லாது. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் இணையைப் பாருங்கள். 2012இல் வந்த டொயோட்டா ஜிடி86 கூபேயின் நீளம் 4240 மி.மீ. அதே ஆண்டு வெளியான ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஹேட்ச்பேக்கின் நீளம் 4255 மி.மீ. வித்தியாசம் ஒரு விரலகலம்கூட இல்லை. தெருவில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர், பின்சீட்டை மடித்தால் 1270. ஜிடி86இல் 243 லிட்டர். கூபேயின் நீளமெல்லாம் பானெட்டுக்கும் சரிந்த கூரைக்கும் போய்விடுகிறது. சின்னக் காராக இருந்தால் நிறுத்த எளிது என்று நினைத்துக் கூபே வாங்குகிறவர்களுக்கு இது ஒரு பாடம்.

கூபேக்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அதே ஜிடி86இல் பின்சீட்டை மடித்தால் நான்கு டயர்களை உள்ளே படுக்க வைக்கலாம். பந்தயத் தடத்துக்குத் தங்கள் டயரைத் தாங்களே கொண்டுபோகிறவர்களை நினைத்து அப்படி வடிவமைத்தார்கள். அதனால் நீளமான, தட்டையான பொருள்களுக்குக் கூபே பரவாயில்லை. உயரமான பொருளுக்குத்தான் வழியில்லை. நான் ஒருமுறை ஒரு சிறிய புத்தக அலமாரியை அட்டைப் பெட்டியோடு வாங்கிவிட்டு, டிக்கிக்குள் இடம் இருந்தும் வாய் போதாமல், வாசலிலேயே பெட்டியைப் பிரித்துப் பலகை பலகையாகத் தள்ளினேன். ஹேட்ச்பேக்கில் அது இரண்டு நிமிட வேலை.

எனவே வீட்டில் அடிக்கடி தூக்கிப் போகும் மிகப் பெரிய பொருள் எதுவோ, மடக்கு வண்டியோ இசைக்கருவியோ விளையாட்டுப் பையோ, அதையே எடுத்துப் போய் ஏற்றிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், கார் வாங்குகிற நாளில் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். கனமான பொருளை அந்த உயரம் வரை தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும்.

ஹேட்ச்பேக்குக்கும் குறை உண்டு. டிக்கியும் உள்ளறையும் ஒரே வெளி. பின்சக்கரத்தின் சத்தம், உள்ளே வைத்த பொருளின் வாசனை, எல்லாம் முன்னால் வரும். தனி டிக்கி உள்ள கூபேயில் நடுவே தடுப்பு இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. வண்டியின் பின்புறம் செங்குத்தாக முடிவதால் காற்று அங்கே சுழன்று தூசியையும் சேற்று நீரையும் கண்ணாடிமேல் இழுத்து அப்பும்; ஹேட்ச்பேக்குகளில் பின் வைப்பர் இருப்பது அதனால்தான். அது இல்லாத ஹேட்ச்பேக்கை மழைக்காலத்தில் ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: வேகத்தையும் சுகத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது, நானும் குழம்பினேன். கூபே என்றால் வேகம், ஹேட்ச்பேக் என்றால் நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஜிடி86, 200 குதிரைத்திறனோடு, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. தொட 7.6 வினாடி எடுக்கும் என்று நிறுவனமே சொன்னது. ஏழாம் தலைமுறை கோல்ஃபின் வேகமான வடிவமான கோல்ஃப் ஜிடிஐ, 220 குதிரைத்திறனோடு, 6.5 வினாடியில் அதைச் செய்தது. ஐந்து பேர் உட்காரும், 380 லிட்டர் டிக்கி உள்ள கார் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபேயை முந்துகிறது.

அப்படியென்றால் கூபே எதற்கு? சுகத்துக்கு. ஜிடி86இல் என்ஜின் தாழ்வாகப் படுத்திருக்கும் பாக்சர் வகை, கூரையும் தாழ்வு, ஓட்டுநர் தரையை ஒட்டி உட்காருகிறார், சக்தி பின்சக்கரத்துக்குப் போகிறது. எடையின் மையம் கீழே இருப்பதால் வளைவில் வண்டி சாய்வது குறைவு. முன்டயருக்கு வண்டியைத் திருப்பும் வேலை மட்டும்தான், இழுக்கும் வேலை இல்லை. அதனால் ஸ்டியரிங் சுத்தமாகப் பேசும். டொயோட்டா இதில் ஒரு குறும்பு செய்தது. தன் சிக்கனமான ஹைப்ரிட் காரான பிரியஸிலும் பயன்பட்ட மிஷலின் பிரைமசி எச்பி டயரையே இந்தக் காருக்கும் போட்டது. பிடிப்பு குறைவான டயர் என்பதால் மிதமான வேகத்திலேயே கார் கொஞ்சம் நழுவி விளையாடும். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் சிரிக்க வைப்பதுதான் நோக்கம். இந்தச் சுகத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்து நிமிடம் ஓட்டினால் உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது தெரிந்துவிடும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. அதில் குறையொன்றுமில்லை; ஹேட்ச்பேக் வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பின்சக்கர இழுவையில் புதியவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரச் சாலையில், வளைவில், அவசரமாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். முன்சக்கர இழுவையில் இதே தவறுக்கு முன்பக்கம் நேராகப் போகப் பார்க்கும்; காலை மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பயந்தவரின் கால் இயல்பாகச் செய்வதும் அதுதான். அதனால்தான் முன்சக்கர இழுவை புதியவரை மன்னிக்கும் என்பார்கள். இப்போதைய கார்களில் சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி இருப்பதால் பெரிய பயம் வேண்டாம். பழைய கூபே வாங்கினால் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருக்கிற காரில் அதை அணைத்துப் பார்க்கும் ஆசை வந்தால், மூடிய தடத்தில் மட்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை ஜிடிஐ பற்றிச் சொன்னபோதே கவனித்திருப்பீர்கள். 1976இல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயை 5000 கார் மட்டும் செய்தால் போதும் என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்தைத் தாண்டிப் போனது. அந்த வகைக்கு அதன்பின் ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஹூண்டாய் ஐ30 என், டொயோட்டா ஜிஆர் கொரோலா என்று உறவினர்கள் பலர். இவற்றை ஆங்கிலப் பெயரிலேயே ஹாட் ஹேட்ச் என்கிறோம். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது, திருப்புவதும் இழுப்பதும் ஒரே முன்டயரின் தலையில் விழுவதால் ஸ்டியரிங் கையில் பக்கவாட்டில் இழுக்கும்; டார்க் ஸ்டீர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். நல்ல ஹாட் ஹேட்ச்களில் அதைக் குறைக்கும் விதமாக முன்சஸ்பென்ஷனை அமைத்திருப்பார்கள். ஜிஆர் கொரோலாவில் நான்கு சக்கரமும் இழுப்பதால் அந்தக் கவலை குறைவு. ஹாட் ஹேட்ச்சின் சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். பின்சீட்டில் இடம் இருந்தும், உட்கார்ந்தவர் ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணிக்கொண்டு வருவார்.

ஐந்தாம் படி: ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள்

இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று ஓட்டினால் ஒப்பிட முடியாது. கடைசியாக ஓட்டியதுதான் மனதில் நிற்கும். ஒரே நாளில் இரண்டையும் ஓட்டுங்கள். முதலில் ஹேட்ச்பேக், பிறகு கூபே, அப்புறம் முடிந்தால் மறுபடி ஹேட்ச்பேக்.

விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலை மட்டும் போதாது. வேகத்தடை, கரடுமுரடான தெரு, நெரிசல், முடிந்தால் ஒரு செங்குத்தான சரிவு, இவையெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் டெஸ்ட் டிரைவிலும் இருக்க வேண்டும். கூபேயின் முன்பம்பர் எங்கே உரசுகிறது என்பது சரிவில் தெரியும். நெரிசலில் கியர் காரின் கிளட்ச் கால் எவ்வளவு வலிக்கிறது என்பது தெரியும்.

பிறகு ரிவர்ஸ் எடுங்கள். கேமராவைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பி. கூபேயின் பின்கண்ணாடி சரிந்து குறுகியிருக்கும். அதன் இரு பக்கத் தூண்கள் தடிமனாக இருந்தால் ஒரு சைக்கிளையே மறைத்துவிடும். கேமரா உதவும், ஆனால் சாலையில் தடம் மாறும்போது பக்கவாட்டில் வருவதை அது காட்டாது. சில ஹேட்ச்பேக்குகளிலும் இந்தத் தூண்கள் அநியாயத்துக்குத் தடிப்பு, ஆகவே அங்கேயும் சோதியுங்கள்.

ஆறாம் படி: வாங்கும் விலையைத் தாண்டிய செலவு

இங்கே நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, டயரைத் தவிர. டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று எழுதியிருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், சக்கரம் 16 அங்குலம். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ. ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிக்கடி காணும் 225/40 ஆர்18 டயரில் அது 90 மி.மீ. அந்த 23 மி.மீ. ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தில் விழும்போது சக்கரத்தைக் காப்பாற்றுவது. மோசமான சாலையில் தினமும் போகிறவர், கூபேயோ ஹாட் ஹேட்ச்சோ, சின்னச் சக்கரம் உள்ள மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது. தோற்றம் கொஞ்சம் குறையும்; சவாரி கூடும்.

சில கூபேக்களில் முன்டயரும் பின்டயரும் வேறு வேறு அளவு. அவற்றை முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. அதனால் பின்டயர் சீக்கிரம் தேய்ந்து முடியும். வாங்குமுன் அந்த அளவில் நான்கு டயரின் விலையை விசாரியுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா அல்லது ஒட்டுத் திரவமும் பம்பும் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள்; பக்கச்சுவர் கிழிந்தால் திரவம் உதவாது.

இன்சூரன்ஸ் தொகையைக் கார் முடிவான பிறகு கேட்காதீர்கள், முன்பே கேளுங்கள். குறிப்பாக வயது குறைந்த, புதிதாக உரிமம் எடுத்த ஓட்டுநர் என்றால் சக்தி கூடிய காருக்கு அது எகிறிவிடும். மாதத் தவணையைத் தாங்கியவர் இதில் மாட்டிக்கொள்வார். எந்த வகை பெட்ரோல் வேண்டும் என்பதையும் எரிபொருள் மூடியின் உள்பக்கம் படித்துவிடுங்கள். அதிக ஆக்டேன் கேட்கும் என்ஜின் என்றால், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அந்த வித்தியாசத்தைக் கட்டப்போவது நீங்கள்தான்.

ஏழாம் படி: முடிவெடுப்பது

வீட்டுக்கு ஒரே கார், மூன்று பேருக்கு மேல் அடிக்கடி ஏறுவார்கள் என்றால் ஐந்து கதவு ஹேட்ச்பேக் வாங்குங்கள். ஓட்டும் ஆசை இருந்தால் அதிலேயே கொஞ்சம் சக்தி கூடியதை எடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் ஒருவர் அல்லது இருவர்தான், கூபேயை ஓட்டிய பத்து நிமிடமும் முகத்தில் சிரிப்பு நின்றது, நிறுத்தும் இடமும் போதும் என்றால் கூபேயை வாங்குங்கள். யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டாம். "நடைமுறைக்கு ஒத்துவராது" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் ஐந்து சீட் காரில் தனியாகத்தான் போய்வருகிறார்கள்.

நடுவில் நின்று தவிக்கிறீர்களா? முடிந்தால் இரண்டில் எது பயமாக இருக்கிறதோ அதை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, அன்றாட வேலைகளை அதிலேயே செய்து பாருங்கள். நான் கூபேயை விற்கக் காரணம் வேகமோ செலவோ அல்ல. பின்சீட்டில் ஏறுகிறவர்கள் மெல்ல மெல்ல "பரவாயில்லை, நாங்கள் தனியாக வந்துவிடுகிறோம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வாக்கியத்தை மூன்றாவது முறை கேட்ட வாரம்தான் விளம்பரம் கொடுத்தேன்.

எட்டாம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கொஞ்சம்

பழைய கூபேயை முன்னே வைத்திருந்தவர் அதை அனுபவித்திருப்பார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் உட்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் அளவு மேடு இருக்கிறதா, முன்பம்பரின் அடிப்பக்கம் எவ்வளவு கீறியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு டயரும் ஒரே பெயரில் இருந்தால் நல்ல அறிகுறி. சைலன்சரோ ஏர் ஃபில்டரோ மாற்றப்பட்டிருந்தால் என்ஜின் கணினியிலும் கை வைத்தார்களா என்று கேளுங்கள். பழைய உதிரிபாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் பொதுவாகக் கவனமானவர்.

ஹேட்ச்பேக்கின் கதை வேறு. அது உழைத்திருக்கும். பின்கதவைத் தூக்கிவிட்டுக் கையை எடுங்கள். மெதுவாகக் கீழே வந்தால் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் போய்விட்டது என்று பொருள், மாற்றுவது சுலபம். கீல் அருகே ரப்பர் உறைக்குள் போகும் ஒயர்கள், கதவு ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்ததில் உள்ளே அறுந்துபோவது உண்டு. பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடைசியாக, விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் கை விட்டுத் தடவுங்கள். கூபேயானாலும் சரி, ஹேட்ச்பேக்கானாலும் சரி, அங்கே தண்ணீரோ துருவோ வெல்டிங் அடையாளமோ தட்டுப்பட்டால், தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.